லோங்பிறிட்ஜில் பிறந்து கோப்பாயில் நிற்கும் எஞ்சின்

கோப்பாயில் எங்கள் வளவின் வடக்கு மூலையில், பலா மரத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் நிற்பது ஒஸ்ரின் ஏ40 சோமசெற். அப்பா ஓடிய கார். கடந்த தை மாதம் என் மருமகன் ஸ்காபரோவிலிருந்து வந்து நின்றபோது பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் பார்த்தான். பிறகு கேட்டான்.

"மாமா, உதுக்கு ஆறு சிலிண்டர் ஒண்டு போட்டால் என்ன?"

"ஓடுற எஞ்சினை ஏன் தம்பி கழட்டுவான்?"

"ஓடுது மாமா. ஆனால் இழுக்குதில்லையே. காரோ நல்ல வடிவு. அதுக்கேத்த எஞ்சின் வேணும். செலவை நான் பாக்கிறன். நீங்கள் ஓமெண்டு சொன்னால் போதும்."

அவனுடைய போனில் மூன்று எஞ்சின்களின் படங்கள் இருந்தன. ஒன்று ரொயோட்டாவின் 1ஜி, மற்றது நிசானின் ஆர்பி20, மூன்றாவது பி.எம்.டபிள்யூவின் எம்50. மூன்றும் நேர்வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்டவை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும் என்றும் விசாரித்து வைத்திருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் திரும்பிப் போய்விட்டான். நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற காரியமாக அது எனக்குத் தெரியவில்லை. இப்போது அதற்குள் இருக்கும் எஞ்சின் எந்த வழியால் இங்கே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லாமல், அதை இறக்குவதா விடுவதா என்று எப்படிச் சொல்வது?

அது பிறந்த இடம் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரின் ஓரத்திலுள்ள லோங்பிறிட்ஜ். உலகப்போர் முடிந்த கையோடு அந்த நாட்டில் உருக்குக்குப் பெரிய தட்டுப்பாடு. எந்தத் தொழிற்சாலை கூடுதலாக வெளிநாட்டுக்கு விற்கிறதோ அதற்குத்தான் உருக்கு ஒதுக்கினார்கள். ஆகவே 1947இல் ஒஸ்ரின் வெளியிட்ட ஏ40 டெவன், பிறக்கும்போதே கப்பலேறப் பிறந்த கார். பெயரிலுள்ள 40 அதன் குதிரைவலுவைச் சொல்கிறது. 1200 சிசி, நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு உடல், வால்வுகள் தலைக்கு மேலே. 1952இல் டெவனுக்குப் பின் வந்த சோமசெற்றுக்கு உடம்பு உருண்டது, வலு 42 ஆனது, எஞ்சின் அதேதான். 1954இல் அதன் உற்பத்தி நின்றது.

இந்த எஞ்சினின் வீட்டாரைப் பற்றியும் சொல்லவேண்டும், மருமகனின் கேள்விக்கு அது நேரே தொடுகிறது. அதே காலத்தில் ஒஸ்ரினிடம் 3,993 சிசி கொள்ளளவில் ஒரு பெரிய ஆறு சிலிண்டர் இருந்தது. ஷியர்லைன் என்ற பெருங்காருக்குள் அது ஓடியது. அதில் இரண்டு சிலிண்டரைக் குறைத்தால் 2,660 சிசி. அதுதான் ஏ90 அற்லான்ரிக் காரின் நாலு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் விட்டமும் பிஸ்ரன் ஓடும் தூரமும் இரண்டிலும் ஒன்றே. பின்னாளில் அவுஸ்திரேலியாவில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். 1,622 சிசி நாலு சிலிண்டரோடு இரண்டைக் கூட்டி 2,433 சிசி ஆறு சிலிண்டர் ஆக்கி, 1962இல் ஒஸ்ரின் ஃபிறீவே என்று விற்றார்கள். நாலும் ஆறும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நாலைவிட ஆறு உயர்ந்த சாதி என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அன்றைய பொறியியலாளருக்கு அது இரண்டு சிலிண்டரைக் கூட்டுவதும் கழிப்பதுமான கணக்கு. எந்த உடலுக்கு எது பொருந்தும் என்பதே அவர்களின் கேள்வி.

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய ஏ40கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது சம்பளக்காரர்களால். ஆசிரியர், பிறக்ரர், கந்தோர் உத்தியோகத்தர், மலாயாவில் உழைத்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். மலை இல்லை, ஏற்றம் இல்லை. குடாநாடு உள்ளங்கைபோலத் தட்டையானது. 42 குதிரைவலு இங்கே ஏழ்மையாகத் தெரியவில்லை. கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வீதியால் நகரத்துக்குப் போய்வர அது தாராளம். திருவிழாவுக்கு நல்லூர், கடல் தீர்த்தத்துக்குக் கீரிமலை, பொம்பிளை பார்க்க வடமராட்சி. அந்தக் காரின் உலகம் அவ்வளவுதான். அந்த உலகத்துக்கு அது அளவாக வெட்டித் தைத்த சட்டை.

1960களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும்வரை, இருப்பதை வைத்துத்தான் ஓட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக் கராச்சுகளின் கைத்திறன் அந்தப் பதினைந்து சொச்ச வருடங்களில் முற்றியது. தேய்ந்த கிறாங்க் தண்டைக் கடைந்து திருத்துவார்கள். சிலிண்டரைக் குடைந்து வேறு வாகனத்தின் பிஸ்ரனைப் பொருத்துவார்கள். காஸ்கெற் கிடைக்காவிட்டால் வெட்டுவார்கள். ஏ40 அந்தக் கைகளுக்குப் பணிந்த எஞ்சின். பொனற்றைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் கை போகும். வேறிடங்களில் பழைய இரும்பாகிப்போன வண்டி இங்கே வாடகைக் காராகப் பிழைத்ததற்கு அதுவே காரணம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் ஏ40களும் மொறிஸ் ஒக்ஸ்போட்களும் வரிசையாக நின்ற காட்சியை என் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள்.

இனி நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டிய காலம் வருகிறது.

1990 ஆனியில் போர் மறுபடி மூண்டதும் வடக்குக்கான பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை. சீமெந்திலிருந்து சவர்க்காரம் வரை தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து வந்தது, அதுவும் விளக்குக்கும் அடுப்புக்கும். அப்போதுதான் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது.

அதை ஒரு அதிசயமாக வெளியூர் ஆட்கள் எழுதுவார்கள். கோப்பாயில் அது அதிசயம் அல்ல. இங்கே செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கிற மெசின் அதற்கு முன்பே மண்ணெண்ணெயில்தான் ஓடியது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவது ஒவ்வொரு கமக்காரனுக்கும் தெரிந்த வேலை. பழைய ஃபேர்கசன் ரக்ரரில் இதற்கென்றே தனி வகை வந்தது, 1949இலிருந்து. மண்ணெண்ணெயை ஒத்த ஒரு எண்ணெயில் ஓடும் எஞ்சினோடு. தோட்டத்தில் தெரிந்ததை வீதிக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவே.

ஏன் அது முடிந்தது என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எவ்வளவு இறுக்கப்படுகின்றன என்பதைச் சொல்வது அமுக்க விகிதம். ஏ40இல் அது ஏழுக்குச் சற்று மேல். இன்றைய கார்களில் பத்துக்கும் மேல். மண்ணெண்ணெய் இறுக்கத்தைத் தாங்காது. நேரம் வருமுன்னே தானாகப் பற்றி, பிஸ்ரனின் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். ஏழில் தட்டல் உண்டு, ஆனால் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி, மெல்ல மிதித்து ஓடினால் சமாளிக்கலாம். பத்தில் எஞ்சின் உடையும். அடுத்தது சூடு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் விட்டுத்தான் உயிர் கொடுப்பார்கள். மூன்றாவது பற்றரி. புதுப் பற்றரி கனவு. இருந்ததும் செத்துக்கொண்டிருந்தது. செல்ப் ஸ்ராட்டர் சுற்ற வலு போதாது. ஏ40இன் முன்பக்கத்தில் ஹான்டில் போட ஒரு துவாரம் இருக்கிறது. அதற்குள் இரும்பை விட்டுக் கையால் சுற்றினால், பொறிக்கு மட்டும் போதுமான மின்சாரம் அந்தக் கிழட்டுப் பற்றரியில் மிஞ்சியிருந்தாலும் எஞ்சின் பிடிக்கும். பிடித்த பிறகு டைனமோ பார்த்துக்கொள்ளும்.

அப்பா அந்த ஹான்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்தார். எஞ்சின் திருப்பி அடித்தால் பெருவிரல் முறியும். வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமும் வளவு முழுதும் நிற்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி எண்ணெய்த் தொட்டிக்குள் கலந்துவிடும். எண்ணெய் தண்ணீராகும், பேரிங் தேயும். அப்பா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அளவுகோலை இழுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பார். பிள்ளைப்பேற்றுக்கு, பாம்பு கடித்தவரைக் கொண்டுபோக, செல் விழுந்து காயப்பட்டவரைக் கொண்டுபோக என்று அந்தக் கார் இரவில் லைற் இல்லாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தது. எத்தனை தரம் என்று எண்ணி வைக்கவில்லை. 42 குதிரைவலுவில் மண்ணெண்ணெய் எவ்வளவைத் தின்றிருக்கும், மிச்சம் எவ்வளவு இழுத்திருக்கும் என்பதும் தெரியாது. போய்ச் சேர்ந்தது என்பது தெரியும்.

இராணுவம் முன்னேறி வர, 1995 ஐப்பசி 30ஆம் திகதி எங்கள் வலிகாமம் முழுதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் போனது. மழை, இருட்டு, அடிக்கு அடி மனிதர். காரை விட்டுவிட்டு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கொட்டில் சரிந்து காரின் மேலே கிடந்தது. ரயர்களும் ஆசனங்களும் இல்லை. எஞ்சின் இருந்தது. அப்பா பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் தேங்காயெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் விட்டார். ஒன்பது நாள் ஊறவைத்து, பத்தாம் நாள் ஹான்டிலைப் போட்டு ஒரு சுற்று. இறுகிய பிஸ்ரன் இளகிய சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

2002 சித்திரையில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. அதற்குப் பிறகு குடாநாட்டுக்குள் எஞ்சின்கள் வந்தன. பழைய கார் வைத்திருந்த பலர் பெற்றோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் டீசலைப் போட்டார்கள். வாடகைக்கு ஓடுகிறவருக்கு அது நியாயம். டீசல் மலிவு, எஞ்சின் நீடிக்கும். ஆனால் டீசல் எஞ்சின் பாரம். முன் ஸ்பிறிங் தாழ்ந்தது, அதிர்வில் கதவுப் பிணைச்சல்கள் தளர்ந்தன, அடிச்சட்டம் வெடித்து ஒட்டுப் போட்ட கார்களும் உண்டு. எஞ்சினை மாற்றுவது எஞ்சினோடு முடிகிற வேலையல்ல என்று ஊர் படித்த முதல் பாடம் அதுதான்.

இப்போது ஆறு சிலிண்டருக்கு வருகிறேன். மருமகன் ஆசைப்படுவதில் பிழையில்லை. நேர்வரிசை ஆறு ஒரு அழகான இயந்திரம். நாலு சிலிண்டரில் தண்டு அரைச் சுற்றுக்கு ஒருதரம் உதை வாங்குகிறது. ஆறில் மூன்றில் ஒரு சுற்றுக்கு ஒருதரம். முன்னால் மூன்றும் பின்னால் மூன்றும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல ஏறி இறங்குவதால் அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதன் சத்தம் ஒரு தம்புரா. அதை ஒருதரம் கேட்டவன் மறக்கமாட்டான் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சிறிய கார் ஒன்றுக்குள் பெரிய ஆறைப் புகுத்தி உலகை அசத்தியவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் பிறின்ஸ் நிறுவனம் ஸ்கைலைன் என்ற 1500 சிசி குடும்பக் காரின் மூக்கை 200 மில்லிமீற்றர் நீட்டி, தன் பெரிய காரான குளோரியாவின் 1,988 சிசி ஆறு சிலிண்டரை அதற்குள் வைத்தது. 1964 மே மாதம் சுசூக்கா ஓட்டத்தில் அந்தக் கார் ஒரு சுற்றில் போர்ஷே 904ஐ முந்திச் சென்றது. முடிவில் போர்ஷேதான் வென்றது, இரண்டாமிடம் ஸ்கைலைனுக்கு. ஸ்கைலைன் என்ற பெயர் இன்றுவரை மின்னுவதற்கு அந்த ஒரு சுற்றே தொடக்கம். மருமகன் காட்டிய ரொயோட்டா 1ஜியும் அதே 1,988 சிசிதான், விட்டம் 75, ஓட்டம் 75. இரண்டாயிரத்துக்குள் அடங்கினால் ஜப்பானில் வரி குறைவு, அதனால் எல்லோரும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் 200 மில்லிமீற்றரை மறக்கக்கூடாது. அந்த நீட்டலைச் செய்தது ஒரு தொழிற்சாலை, புதிய தகட்டையும் அச்சையும் கொண்டு. தென்னாபிரிக்காவிலும் 1985இல் பி.எம்.டபிள்யூ தன் மூன்றாம் வரிசைச் சிறு காருக்குள் 3.2 லீற்றர் பெரிய ஆறை வைத்து 333ஐ என்று இருநூற்றுச் சொச்சம் கார்கள் செய்தது. மிக வேகமான கார். ஆனால் பொனற்றுக்குள் இடம் போதாமல், வாங்குபவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. குளிரூட்டி வேண்டுமா, பவர் ஸ்ரியறிங் வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடையாது. சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் நிற்கிற ஒருவர் அந்தக் கேள்வியை நினைத்துப் பார்க்கட்டும்.

தோற்றவர்களின் கதை இன்னும் பயனுள்ளது. ஒஸ்ரின் ஹீலி 100 என்ற விளையாட்டுக் காரின் நாலு சிலிண்டரை எடுத்துவிட்டு 1956இல் 2,639 சிசி ஆறைப் போட்டார்கள். வலு 90இலிருந்து 102 ஆனது. பாரமும் கூடியது. கார் முன்னையதைவிட வேகமாக ஓடவில்லை. எஞ்சினை மேலும் திருத்தி 117 ஆக்கிய பிறகே அது நிமிர்ந்தது. எம்ஜிபி என்ற அருமையான காருக்குள் 1967இல் 2,912 சிசி ஆறை வைத்து எம்ஜிசி ஆக்கினார்கள். அந்த எஞ்சின் பழையதைவிட 95 கிலோ கூடப் பாரம். முன் சஸ்பென்சனை முழுதாக மாற்றினார்கள், பொனற்றில் ஒரு புடைப்பு வைத்தார்கள், சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். அவ்வளவும் செய்தும் வளைவில் மூக்கு தள்ளுகிறது என்று எழுதினார்கள். 1969இல் உற்பத்தி நின்றது. எஞ்சின் நல்லது, காரும் நல்லது, சேர்க்கைதான் சரிவரவில்லை. தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரிந்த கொன்ரெசா இதற்கு மறுபுறம். அதன் உடம்பு பிரித்தானிய வொக்ஸ்ஹோல் வகை. அதே உடம்போடு வென்ரோரா என்ற பெயரில் அங்கே 3.3 லீற்றர் ஆறு ஓடியது. இந்தியாவில் அதற்குள் அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினை வைத்துத் தொடங்கினார்கள், வலு 50. பெரிய உடம்பும் சின்ன நெஞ்சும். இசுசுவின் 1.8 லீற்றர் எஞ்சின் வந்த பிறகுதான் அது கார் ஆனது. எஞ்சின் மாற்றம் எப்போதும் பிழை என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

மருமகன் போன பிறகு ஒரு நாள் எங்கள் கராச்காரரைக் கூப்பிட்டேன். முப்பது வருடமாக இந்த எஞ்சினைப் பார்க்கிறவர். ரேப்பை இழுத்து அளந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாஸ்ரர், போடலாம். போடேலாது எண்டு நான் சொல்லன். ஆனால் றேடியேற்றரை முன்னுக்குத் தள்ள வேணும். அல்லது கால்மாட்டுத் தகட்டை வெட்ட வேணும். எதை வெட்டட்டும்?"

"வேற?"

"பின்னச்சு தாங்காது. பிறேக் தாங்காது. கியர்பொக்ஸ் அந்த எஞ்சினோட வரும், அதுக்கு நடுவில இருக்கிற சட்டத்தை வெட்ட வேணும். தண்ணி எந்தத் தண்ணி விடுவியள்?"

கடைசிக் கேள்விதான் என்னை நிறுத்தியது. கோப்பாய்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லோர் வீட்டிலும் தெரியும். றேடியேற்றருக்குள்ளும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிக்குள்ளும் அதுவே படிகிறது. அப்பா மழைத்தண்ணீர் பிடித்துத்தான் விடுவார். நீட்டான ஆறு சிலிண்டரில் கடைசிச் சிலிண்டர் விசிறியிலிருந்து தூரம், சூடு அங்கே தேங்கும். இடமில்லாமல் றேடியேற்றரையும் சிறிதாக்கினால், அலுமினியத் தலை வளைய ஒரு மத்தியானம் போதும்.

அவர் சொன்னதில் பின்னச்சின் கதையையும் விளக்க வேண்டும். ஏ40இன் பின்னச்சுப் பல்லு விகிதம் ஐந்துக்கு மேல். அதாவது எஞ்சின் பக்கத் தண்டு ஐந்து தரத்துக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒருதரம் சுற்றும். சிறு எஞ்சினின் வலுவைப் பெருக்கிக் கொடுப்பதற்காக அப்படி. அதே அச்சில் பெரிய எஞ்சினைப் பொருத்தினால் மிதித்தவுடன் பல்லுக் கழரும். அச்சை மாற்றினால் ஸ்பிறிங்கின் இருக்கையை மாற்ற வேண்டும், வேகம் கூடினால் ட்றம் பிறேக்கை எடுத்து டிஸ்க் போட வேண்டும், டிஸ்க் போட்டால் சக்கரத்தை மாற்ற வேண்டும். கடைசியில் நிற்பது ஏ40இன் தோலைப் போர்த்திய வேறொரு கார். நம் நாட்டில் காருக்கு விதித்த வேகம் ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர். சோமசெற் அதை இன்றும் ஓடும்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் எழுதியிருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிய வேண்டும். பதியாமல் ஓடினால் விபத்து நடந்த அன்று காப்புறுதியும் கைவிடும், பொலிசும் கேட்கும். எஞ்சின் வாங்கும்போதே அது எந்த வழியால் நாட்டுக்குள் வந்தது என்ற கடதாசியை வாங்கி வைக்காதவர்கள் பிறகு அலைகிறார்கள்.

எரிபொருள் பற்றிப் பேசாமல் யாழ்ப்பாணத்தான் எஞ்சின் தெரிவு செய்ய முடியாது. 2022 ஆடியில், எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். வரிசையில் இரவிரவாக நின்றோம். அந்த மாதங்களில் எங்கள் ஏ40 தன் பங்கை முடிக்காமலே வாரத்தைக் கடத்தியது. இரண்டு தலைமுறைக்குள் இரண்டு தரம் எண்ணெய் இல்லாமல் போன மண் இது. கணினியும் மின்சார எரிபொருள் பம்பும் உள்ள எஞ்சின், பற்றரி செத்தால் பிடிக்காது. மண்ணெண்ணெய் அதன் வாய்க்குள் போகாது. இனி அப்படி ஒரு காலம் வராது என்று நம்பவே நானும் விரும்புகிறேன். ஆனால் அந்தக் காலத்தில் எங்களைக் கைவிடாத ஒன்றை, இனித் தேவையில்லை என்று கழற்ற எனக்குக் கை வரவில்லை.

ஆகவே மருமகனுக்கு என் மறுமொழி இது. தம்பி, ஆறு சிலிண்டர் ஓடு. ஆசையை அடக்காதே. ஆனால் ஆறுக்கென்று பொனற்றுக்குள் இடம் விட்டுப் பிறந்த காரை எடு. பழைய பி.எம்.டபிள்யூ 320ஐ ஒன்று கிடைத்தால் அதற்குள் எம்20 என்ற இரண்டு லீற்றர் ஆறு இருக்கும். அதே குடும்பத்தில் 2.5 லீற்றர் உண்டு. அதே தாங்கிகளில் இருக்கும், கியர்பொக்ஸும் இணங்கும், குளிர்விப்பும் பெரிதாக மாறாது. பெரிய எஞ்சின் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது அதே குடும்பத்து மூத்த பிள்ளையை. நீ காட்டிய எம்50 அதைவிட வலு, 24 வால்வு, 192 குதிரைவலு. ஆனால் அந்தப் பழைய உடம்புக்குள் அது இறங்க எண்ணெய்த் தொட்டியை மாற்ற வேண்டும், மின்கம்பிகளை அவிழ்த்துக் கட்ட வேண்டும். எங்கள் நாட்டுக் காரில் ஸ்ரியறிங் வலப்பக்கம், அந்த எஞ்சினின் புகைக்குழாயும் வலப்பக்கம். சூடான குழாயும் ஸ்ரியறிங் தண்டும் ஒரே இடத்துக்கு அடிபடும். செய்தவர்கள் இருக்கிறார்கள். நீயும் செய்யலாம். முதலில் பிறேக், பிறகு றேடியேற்றர், அதன் பிறகுதான் எஞ்சின் என்ற ஒழுங்கில் காசைச் செலவழி. எஞ்சினுக்கு வைத்திருக்கும் காசளவு வேறாக வைத்துக்கொண்டு தொடங்கு.

ஏ40ஐ விட்டுவிடு. அதற்கு நான் செய்யப்போவது இதுதான்: தலையைக் கழற்றி நீர்வழியில் படிந்த சுண்ணாம்பை எடுப்பது, தேய்ந்த வால்வு இருக்கைகளைத் திருத்துவது, தண்டின் பேரிங் மாற்றுவது. கராச்காரர் ஆறு கிழமை கேட்டிருக்கிறார்.

இதை வாசிக்கும் மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வளவிலும் ஒரு ஏ40, ஒரு மொறிஸ் மைனர், ஒரு ஒக்ஸ்போட் நிற்கலாம். நீங்கள் எஞ்சின் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் மாற்றுங்கள், அது உங்கள் கார். கழற்றிய பழைய எஞ்சினை மட்டும் இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிளக் துவாரங்களுக்குள் எண்ணெய் விட்டு, மூடி, பலகையில் ஏற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அதன் இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதிப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.